ஒரே நூல், ஆயிரம் கண்ணிகள்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். வீட்டிலுள்ள ஒரு பருத்திக் கைக்குட்டையையும் ஒரு பழைய பருத்திப் பனியனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் இழை கலவாத பனியனாகப் பார்த்து எடுங்கள். கைக்குட்டையின் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது விறைத்து நிற்கும், நீளாது. இப்போது பனியனை அகலவாக்கில் இழுங்கள். அது தாராளமாக விரியும். கையை விட்டால் ஏறக்குறையப் பழைய அளவுக்கே திரும்பிவிடும். இரண்டும் பருத்தி நூலால் ஆனவைதாம். பனியனுக்கு மட்டும் இந்த நெகிழ்ச்சி எங்கிருந்து வந்தது?

நூல் துணியான முறையில்தான் இதற்கு விடை இருக்கிறது. கைக்குட்டை தறியில் நெய்யப்பட்டது. பனியனோ பின்னப்பட்டது. பாட்டியோ அத்தையோ இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு போடும் ஸ்வெட்டரும், குழந்தைக்கான குல்லாயும் காலுறையும் அதே இனத்தைச் சேர்ந்தவை. கொக்கி ஊசியால் போடும் மேசை விரிப்பும் கைப்பையும் அவற்றின் நெருங்கிய உறவினர். வீட்டுக் கூடத்தில் பேச்சுக்கு நடுவே நடக்கும் இந்த வேலையில் எவ்வளவு பௌதிகமும் கணிதமும் அடங்கியிருக்கின்றன என்பதைக் காண்போம்.

பாவும் ஊடையும் இல்லாத துணி

தறியில் இரண்டு வகை நூல்கள் உண்டு. நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. இரண்டும் ஒன்றின் மேலும் கீழுமாக மாறி மாறிச் செல்கின்றன. நெய்த துணியில் ஒவ்வொரு நூலும் கிட்டத்தட்ட நேர்க்கோடாகவே கிடக்கிறது. நேராகக் கிடக்கும் நூலை அதன் நீளவாக்கில் இழுத்தால் அது மேலும் நேராவதற்கு இடமில்லை. கைக்குட்டை நீள மறுப்பது இதனால்தான்.

பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து செல்கிறது. ஒவ்வொரு வளைவையும் கண்ணி என்பார்கள். முதல் வரிசைக் கண்ணிகள் யாவும் இடக்கை ஊசியில் கோத்து நிற்கும். வலக்கை ஊசியை ஒரு கண்ணிக்குள் நுழைத்து, நூலைச் சுற்றி, அந்த வளையத்தைக் கண்ணியின் வழியே வெளியே இழுத்தால் புதுக் கண்ணி ஒன்று பிறக்கிறது. பழைய கண்ணி ஊசியை விட்டு இறங்கிவிடும். புதியது அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ளதைத் தாங்கி, தனக்கு மேலே உள்ளதால் தாங்கப்படுகிறது.

பனியனை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெளிப்புறத்தில் ஆங்கில 'வி' எழுத்தை அடுக்கி வைத்தாற்போல நெடுகச் செல்லும் வரிகள் தெரியும். அதே துணியை உட்புறமாகத் திருப்பினால் சிறு சிறு அரைவட்டங்கள் குறுக்கே வரிசையாகத் தெரியும். வளையத்தைப் பின்னிருந்து முன்னுக்கு இழுத்தால் 'வி' முகம் நம் பக்கம் அமையும், இது நிட். முன்னிருந்து பின்னுக்குத் தள்ளினால் அரைவட்ட முகம் நம் பக்கம் அமையும், இது பர்ல். கம்பளிப் பின்னலில் காணும் அத்தனை பூவேலைக்கும் இந்த இரண்டும்தான் எழுத்துகள்.

ஒரு ஸ்வெட்டரில் எத்தனை கண்ணிகள் இருக்கும்? நடுத்தரக் கம்பளி நூலில் 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணிகளும், 10 செ.மீ. உயரத்தில் 30 வரிசைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 சதுர செ.மீ. பரப்பில் 660 கண்ணிகள் ஆகின்றன. முன்பக்கம், முதுகு, இரு கைகள் எல்லாம் சேர்ந்து 8,000 சதுர செ.மீ. என்றால் மொத்தம் 52,800 கண்ணிகள். கண்ணி ஒன்றுக்கு 2 செ.மீ. நூல் செலவானால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நூல்! அவ்வளவையும் இரண்டு கைகள் ஒவ்வொரு கண்ணியாகப் போட்டு முடிக்கின்றன.

கண்ணியே நீள்கிறது

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். ஒரு துண்டுச் சணல் கயிற்றை மேசைமேல் பாம்புபோல் வளைத்து வையுங்கள். அதன் இரு முனைகளையும் பிடித்து இழுங்கள். வளைவுகள் திறந்து கயிறு நேராகிறது. கயிற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. ஆயினும் முனைகளுக்கு இடையே உள்ள தூரம் பெருகிவிட்டது. பனியனிலும் இதுவே நடக்கிறது. அகலவாக்கில் இழுக்கும்போது ஒவ்வொரு கண்ணியும் தன் உயரத்தைக் கொஞ்சம் இழந்து அகலத்தைப் பெறுகிறது. பனியனை அகலமாக இழுக்கும்போது அதன் உயரம் குறைவதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

விட்டதும் பழைய நிலைக்கு ஏன் திரும்புகிறது? வளைத்த இழை தான் நிலைபெற்ற வளைவுக்கே திரும்ப முயலும். கம்பளி இழை இயற்கையிலேயே சுருள் சுருளானது; வளைந்து மீளும் ஆற்றல் மிக்கது. பருத்தி இழைக்கு இந்த ஆற்றல் குறைவு. ஆகையால்தான் கம்பளி ஸ்வெட்டர் பல ஆண்டுகள் உடலைப் பற்றி நிற்க, பருத்தி நூலில் பின்னியது சில நாட்களிலேயே முழங்கையில் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. மேசை விரிப்புக்கோ நெகிழ்ச்சி தேவையில்லை. விறைப்பாகப் பரவி நின்றால் போதும். அதற்குப் பருத்தி நூலே ஏற்றது.

ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பகுதியைக் கவனியுங்கள். அங்கே மேடும் பள்ளமுமாகக் கோடுகள் இருக்கும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டதால் வந்தவை அவை. நிட் வரிகள் முன்னே எழும்; பர்ல் வரிகள் பின்னே பதுங்கும். துணி ஆர்மோனியத்தின் துருத்தியைப்போல் மடிந்துகொள்கிறது. கையை நுழைக்கும்போது துருத்தி விரிந்து இடம் கொடுக்கிறது. பிறகு சுருங்கி மணிக்கட்டைப் பற்றிக்கொள்கிறது. ரப்பர் நாடா செய்யும் வேலையைக் கண்ணிகளின் வரிசையே செய்துவிடுகிறது.

ஓடும் கண்ணி, மீளும் நூல்

ஒவ்வொரு கண்ணியும் மேலுள்ள கண்ணியால் தாங்கப்படுகிறது என்றோம். அப்படியானால் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? அது தாங்கியிருந்த கீழ்க்கண்ணி விடுபடும். அது விடுபட்டதும் அதற்குக் கீழுள்ளது விடுபடும். பழைய பனியனில் ஏணிபோல் ஓர் ஓட்டை நெடுகப் போவதைக் கண்டிருப்பீர்கள். நைலான் போன்ற வழுவழுப்பான நூலில் இது வேகமாக ஓடும். கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் அங்கே மெதுவாக நகரும். ஓட்டையைக் கண்டவுடன் கீழே நழுவிய கண்ணியை ஒரு கொக்கி ஊசியால் பிடித்து, ஏணிப்படி ஒவ்வொன்றின் வழியாகவும் மேலே இழுத்து வந்து, அறுந்த இடத்தில் ஒரு துண்டு நூலால் கட்டிவிட்டால் துணி பிழைத்துவிடும்.

இதே பலவீனம் இன்னொரு வகையில் வரம் ஆகிறது. நெய்த சட்டை சிறியதாகிவிட்டால் அதை நூலாக மாற்ற முடியாது. பின்னிய ஸ்வெட்டரையோ கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் மீண்டும் நூலாக்கி விடலாம். அண்ணனுக்குச் சிறியதான ஸ்வெட்டரைப் பிரித்துத் தம்பிக்குக் குல்லாயும் காலுறையும் போடுவது குளிர்ப் பிரதேச வீடுகளின் பழைய வழக்கம்.

பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கீழே சிறு எடையைத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துவார்கள். நூல் நேராகிவிடும். இதற்கான காரணம் உங்கள் தலைமுடியிலேயே இருக்கிறது. கம்பளியும் தலைமுடியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் நனையும்போது நெகிழ்கின்றன. உலரும்போது, அப்போதுள்ள வடிவத்திலேயே மீண்டும் இறுகுகின்றன. ஈரத் தலையை எப்படி வாரினாலும் காய்ந்தபின் முடி அப்படியே படிந்து நிற்பது இதனால்தான்.

ஸ்வெட்டர் சூட்டை உண்டாக்குகிறதா?

இல்லை. இதை ஒரு சோதனையால் காட்டலாம். ஒரே அளவான இரண்டு பனிக்கட்டிகளை இரு தட்டுகளில் வையுங்கள். ஒன்றின் தட்டை மட்டும் கம்பளி ஸ்வெட்டரால் முழுவதும் மூடுங்கள். ஸ்வெட்டர் சூடு தருவதானால் மூடிய கட்டி முதலில் உருக வேண்டும். ஆனால் அதுவே தாமதமாக உருகக் காண்பீர்கள்.

பின்னிய கம்பளித் துணியின் பருமனில் பெரும்பகுதி காற்றுதான். கண்ணிகளின் உள்ளேயும் சுருண்ட இழைகளின் இடையேயும் அது சிறைப்பட்டுக் கிடக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். உடலின் வெப்பம் வெளியே போகாமல் காப்பதும், வெளி வெப்பம் பனிக்கட்டியை அடையாமல் தடுப்பதும் ஒரே வேலைதான். காற்று பலமாக வீசினால் நிலைமை மாறும். கண்ணிகள் திறந்த வாயில்கள் ஆதலால் உள்ளிருக்கும் சூடான காற்று விரட்டப்பட்டுவிடும். ஸ்வெட்டரின்மேல் நெருக்கமாக நெய்த ஒரு சட்டையோ சால்வையோ போட்டுக்கொண்டால் இந்தக் குறை தீரும்.

கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுக் கசக்கித் துவைக்கக்கூடாது. கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதிள்போன்ற நுண்ணிய செதிள்கள் உள்ளன. எல்லாம் இழையின் நுனியை நோக்கி அமைந்தவை. சோப்பும் சூடும் சேர்ந்து கசக்கும்போது இழைகள் ஒரு திசையில் நகர்கின்றன. செதிள்கள் மறித்துக்கொள்வதால் திரும்பி வர முடிவதில்லை. துணி சுருங்கித் தடித்துக் கெட்டியாகிவிடும். பெரியவர் ஸ்வெட்டர் குழந்தை ஸ்வெட்டராகிப் போகும். இதை மீட்க வழி இல்லை. கடைகளில் உல்லன் நூல் என்ற பெயரில் விற்பவற்றில் பல, பெட்ரோலியத்திலிருந்து வரும் அக்ரிலிக் நூல்களே. அவற்றில் செதிள்கள் இல்லை. ஆகவே இப்படிச் சுருங்குவதில்லை. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பாழாகிவிடும். எந்த நூல் என்பதை வாங்கும்போதே உறையில் பார்த்துக்கொள்வது நல்லது.

பின்னும் முன் ஒரு கணக்கு

நூல் ஒன்று, ஊசி ஒன்று என்றாலும் இரண்டு பேர் பின்னினால் கண்ணிகளின் அளவு ஒன்றாக இராது. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார். ஒருவர் தளர விடுவார். ஆகவே அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதில் கண்ணிகளை எண்ணிப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குவார்கள். அவசரக்காரர்கள் இதைத் தவிர்த்துவிடுவதுண்டு. அதன் விலை என்ன என்று கணக்கிடுவோம்.

84 செ.மீ. மார்புச் சுற்றளவுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பின்னல் புத்தகம் 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் என்று சொல்கிறது. 84-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 184.8, அதாவது 185 கண்ணிகள். நம் கை சற்றுத் தளர்வு, 10 செ.மீ.க்கு 20 கண்ணிகளே விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 185 கண்ணிகள் 92.5 செ.மீ. ஆகிவிடும். எட்டரை செ.மீ. தொளதொளப்பு! கை இறுக்கமாக இருந்து 24 கண்ணிகள் விழுந்தாலோ சுற்றளவு 77 செ.மீ. மட்டுமே. பல வாரங்கள் உழைத்தபின் தலை வழியே நுழையாத ஸ்வெட்டர்தான் மிஞ்சும். இத்தனைக்கும் 10 செ.மீ.க்கு இரண்டே கண்ணிகள்தாம் வேறுபாடு.

மாதிரித் துண்டில் ஏன் 2 செ.மீ. மட்டும் அளந்தால் போதாது? எண்ணுவதில் அரைக் கண்ணி பிசகு வருவது இயல்பு. 2 செ.மீ.க்கு அரைக் கண்ணி பிசகினால், 84 செ.மீ.க்கு 42 மடங்காகி 21 கண்ணிகள் பிசகும். 10 செ.மீ.க்கு அதே அரைக் கண்ணி பிசகினால் மொத்தப் பிசகு நான்கு கண்ணிகள்தாம். பள்ளிச் சோதனைச் சாலையில் ஊசற்குண்டின் ஒரே அலைவை அளக்காமல் 20 அலைவுகளின் நேரத்தை அளந்து 20-ஆல் வகுக்கிறீர்கள் அல்லவா? அங்கும் இங்கும் தத்துவம் ஒன்றே. ஓரங்களில் கண்ணிகள் உருக்குலைந்திருக்கும் ஆதலால், 15 செ.மீ. சதுரம் பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவிலுள்ள 10 செ.மீ.யை அளக்க வேண்டும்.

கொக்கி ஊசியும் பையும்

இனிக் குரோஷாவுக்கு வருவோம். இதற்கு ஒரே ஊசிதான். அதன் நுனியில் சிறு கொக்கி உண்டு. பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் காத்து நிற்கும். குரோஷாவிலோ ஒவ்வொரு கண்ணியும் அவ்வப்போதே முடிக்கப்படுகிறது. ஊசியில் ஒரு வளையம் மட்டுமே மிஞ்சி நிற்கும். ஆகவே ஊசி நழுவினாலும் பின்னலைப்போல் வரிசை முழுவதும் சரியாது. அடுத்த கண்ணியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போடலாம். மேலே, பக்கவாட்டில், வட்டமாக, எப்படியும் போகலாம். பூக்களும் நட்சத்திரங்களும் வட்ட விரிப்புகளும் குரோஷாவில் எளிதாக வருவது இதனால்தான்.

வட்ட விரிப்புப் போடுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். நடுவில் 6 கண்ணிகளுடன் தொடங்குவார். இரண்டாவது சுற்றில் 12, மூன்றில் 18, நான்கில் 24 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போவார். ஏன் ஆறு என்று கேட்டால், "அப்போதுதான் விரிப்பு படிந்து உட்காரும்" என்பார். அந்த ஆறுக்குள் ஒளிந்திருப்பவர் நமக்குப் பழக்கமானவர்தாம்.

குட்டையான குரோஷாக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். ஒவ்வொரு சுற்றும் வட்டத்தின் ஆரத்தை ஒரு கண்ணி உயரம் கூட்டுகிறது. வட்டத்தின் சுற்றளவு 2πஆ (ஆ என்பது ஆரம்). ஆரம் ஒரு கண்ணி கூடினால் சுற்றளவு 2π கண்ணிகள், அதாவது 6.28 கண்ணிகள் கூட வேண்டும். கால் கண்ணி போட முடியாது ஆகையால் 6 கூட்டுகிறார்கள். பத்தாவது சுற்றில் 62.8-க்குப் பதில் 60 கண்ணிகள். ஐந்து சதவீதத்துக்கும் குறைவான இக்குறையை நூலின் நெகிழ்ச்சி ஈடுகட்டிவிடும். கண்ணியின் உயரம் அகலத்தைப்போல் இரு மடங்கானால்? சுற்றுக்கு 12.56, அதாவது 12 கூட்ட வேண்டும். நெட்டைக் கண்ணியில் விரிப்புப் போடுகிறவர்கள் 12-ல் தொடங்குவதைக் காணலாம். π-யின் பெயரைக் கேள்விப்படாதவர்களும் விரல் நுனியால் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஆறு கூட்டாமல் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? சுற்றளவு போதாமல் விரிப்பின் ஓரம் கீழே மடங்கும்; குல்லாய் தயார். தலைச் சுற்றளவு 54 செ.மீ., 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள் என்றால் 97 கண்ணிகள் வேண்டும். ஆறாறாகக் கூட்டிச் சென்றால் 16-ஆவது சுற்றில் 96 வரும். அங்கே கூட்டலை நிறுத்தி நேராகப் போட்டால் காதுவரை இறங்கும்.

ஆறுக்கு மேல் கூட்டினால்? சுற்றளவு இடத்துக்கு அதிகமாகிவிடும். தட்டையாகக் கிடக்க வழியில்லாமல் ஓரம் மேலும் கீழுமாக நெளியும். விரிப்புப் போடுகிறவர் இதைக் குற்றம் என்று பிரித்துவிடுவார். ஆனால் இந்த நெளிவு கணிதத்தின் நெடுநாள் வழக்கு ஒன்றோடு தொடர்புடையது.

காகிதத்தில் அடங்காத வடிவம்

ஒரு நேர்க்கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியின் வழியாக அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம் என்று வடிவ கணிதத்தில் படித்திருக்கிறீர்கள். இது யூக்ளிடின் ஐந்தாம் கோட்பாட்டின் மறு உருவம். இதை மற்றக் கோட்பாடுகளிலிருந்து நிறுவிவிட வேண்டும் என்று அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்று தோற்றார்கள். 1829-இல் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும், 1832-இல் ஹங்கேரியின் போயாயும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரு புது வடிவ கணிதத்தை வெளியிட்டனர். அதில் ஒரு புள்ளி வழியாக எண்ணற்ற இணைகோடுகள் உண்டு. முக்கோணத்தின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைக்குக் குறைவு. இத்தகைய தளத்தை அதிபரவளையத் தளம் என்பர்.

தர்க்கத்தில் குற்றமில்லை, ஆனால் அப்படிப்பட்ட தளத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி? அமெரிக்கக் கணித மேதை வில்லியம் தர்ஸ்டன் மெல்லிய காகித வளையங்களை ஒட்டி ஒரு மாதிரி செய்யும் வழியைக் காட்டினார். அது எளிதில் கிழிந்துவிடக்கூடியது. 1997-இல், லாட்வியா நாட்டில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை அத்தகைய காகித மாதிரி ஒன்றைப் பார்த்தார். சிறு வயதிலேயே பின்னல் கற்றவர் அவர். நூலில் இதைச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. முதலில் இரண்டு ஊசிகளால் பின்னிப் பார்த்தார். வரிசைக்கு வரிசை கண்ணிகள் பெருகியதால் ஊசியில் இடம் கொள்ளவில்லை. ஆகவே ஊசியில் ஒரே வளையம் மட்டும் நிற்கும் குரோஷாவுக்கு மாறினார். குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு ஒரு கண்ணி கூட்டுவது என்ற ஒரே விதியைக் கடைசிவரை மாற்றாமல் போட்டார். வேண்டிய தளம் கையில் வந்துவிட்டது!

அதை மடித்தால் மடிப்பு நேர்க்கோடாக அமையும். வேறு நிற நூலால் அந்தக் கோடுகளைத் தைத்து, ஒரு புள்ளி வழியாகப் பல கோடுகள் சென்றும் அவை முதற்கோட்டைத் தொடாமல் விலகிப் போவதை மாணவர்கள் கண்ணால் காணலாம். டைமினா இதைப் பற்றி 2009-இல் வெளியிட்ட நூலுக்கு 2012-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஆய்லர் நூற்பரிசு கிடைத்தது. நம் தோட்டத்துக் கோழிக்கொண்டைப் பூவையும் கடலின் சில பவள இனங்களையும் பாருங்கள். ஓரம் நடுவைவிட வேகமாக வளர்வதால் அவையும் இவ்வாறே நெளிந்திருக்கின்றன.

பொழுதுபோக்கா, தொழிலா?

பின்னலுக்கு இயந்திரம் வெகுகாலத்துக்கு முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். அதன் வழித்தோன்றல்களே இன்று திருப்பூரில் பனியன் துணியைக் குழாய்போல் பின்னித் தள்ளும் வட்டப் பின்னல் இயந்திரங்கள். ஆனால் குரோஷாவைக் கையைப் போலவே போடும் ஆலை இயந்திரம் இன்றளவும் பரவலான புழக்கத்துக்கு வரவில்லை. எந்தப் பக்கமும் திரும்பும் அந்தச் சுதந்திரமே இயந்திரத்துக்குக் கடினமாக இருக்கிறது. ஆகவே கடையில் ஒரு குரோஷா விரிப்பைக் கண்டால், யாரோ ஒருவர் கண்ணி கண்ணியாக எண்ணிப் போட்டது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இந்த எண்ணிக்கை சில குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அப்போது கன்னி மடங்களும் சிற்றூர்ப் பள்ளிகளும் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தன. குளோன்ஸ் என்ற ஊரில் அவ்வூர்ப் பாதிரியாரின் மனைவி காசாண்ட்ரா ஹேண்ட் 1847-இல் தொடங்கி வைத்த வேலை புகழ்பெற்றது. ஓர் ஊசியும் ஓர் உருண்டை நூலும் போதும் என்பதால் ஏழை வீட்டிலும் இது நுழைய முடிந்தது.

நம் நாட்டில் ஆந்திரப் பிரதேசத்தின் நரசாப்பூர் இதற்குப் பேர் போனது. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்துவ மிஷனரிகள் அங்கே கற்றுக்கொடுத்த குரோஷா, கோதாவரிக் கரைக் கிராமங்களின் வீட்டுத் திண்ணைகளில் பரவி, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாயிற்று. 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அப்பெண்களின் நிலையை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் பொருள் செய்து தரும் அவர்களை யாரும் தொழிலாளர் என்று கருதவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்றே எண்ணினார்கள். அப்படி எண்ணியதால் கூலியும் மிகக் குறைவாகவே கிடைத்தது என்பது அவர் கண்ட முடிவு.

'சும்மா பொழுதுபோக்கு' என்று நாம் சொல்லும் ஒரு சொல், ஒருவர் கைக்கு வரும் காசைக் குறைக்கக் கூடியது. அளவெடுத்தல், பிழையைக் குறைத்தல், விகிதம், வட்டத்தின் சுற்றளவு, இழையின் குணம் ஆகிய எல்லாவற்றையும் அறிந்து செய்யும் வேலையை வேலை என்று சொல்வதுதானே முறை?

செய்து பாருங்கள்

பையன்களும் பெண்களும் ஆகிய நீங்கள் எல்லோரும் இதைச் செய்யலாம். தேவையானவை ஒரு குரோஷா ஊசியும், ஓர் உருண்டைத் தடித்த நூலும், கற்றுத்தர வீட்டிலோ அண்டையிலோ ஒருவரும்தான். குட்டைக் கண்ணியில் மூன்று வட்டங்கள் போடுங்கள். மூன்றையும் 6 கண்ணிகளில் தொடங்குங்கள்.

முதல் வட்டத்தில் சுற்றுக்கு 6 கூட்டுங்கள். ஆறாவது சுற்றில் 36 கண்ணிகள் இருக்கும். தட்டையாகப் படிகிறதா என்று பாருங்கள். டம்ளருக்கு அடியில் வைக்கும் விரிப்பாக அது பயன்படும்.

இரண்டாவதில் சுற்றுக்கு 3 மட்டும் கூட்டுங்கள். ஆறாவது சுற்றில் 21 கண்ணிகள். அது ஒரு கிண்ணமாகக் குவியும். பொம்மைக்குக் குல்லாய் ஆகும்.

மூன்றாவதில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போடுங்கள். 6, 12, 24, 48, 96, 192. ஆறு சுற்றுக்குள் கோழிக்கொண்டைப் பூ உங்கள் கையில் மலர்ந்துவிடும். அதே விதியில் பத்தாவது சுற்றுவரை போவதானால் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் 3,072 கண்ணிகள் வேண்டும். தட்டை வட்டத்துக்கோ 60 போதும். பெருக்குத் தொடர் கூட்டுத் தொடரை எப்படி முந்துகிறது என்பதை விரல் வலிக்கும்போது உணர்வீர்கள்.

மூன்றையும் வகுப்புக்குக் கொண்டு போய்க் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கை. எண்ணிக்கை மட்டுமே வேறு என்று சொல்லுங்கள். கற்றுக்கொடுத்தவரிடமும் மறவாமல் ஒன்று சொல்லுங்கள்: அவர் இத்தனை நாளாகப் போட்டுவந்த ஆறு, வட்டத்தின் இரண்டு பை என்று.